இரண்டு நீதிமன்றங்களும் ஒரு திமிங்கிலமும்

2012 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் டியேகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு விசித்திரமான வழக்கு தள்ளுபடியானது. வாதிகள் ஐவர்: டிலிக்கம், கட்டீனா, கசாட்கா, யுலிசீஸ், கார்க்கி. ஐந்தும் சீவேர்ல்ட் என்ற கடல்விலங்குப் பூங்கா நிறுவனத்தின் தொட்டிகளில் இருந்த ஓர்காக்கள். கொலைத் திமிங்கிலம் என்ற பெயரில்தான் நம்மில் பலருக்கு அவற்றைத் தெரியும். அவற்றின் சார்பில் வழக்குப் போட்டது பீட்டா அமைப்பு. இவை பிடித்துவரப்பட்டவை அல்லது பிடிபட்ட நிலையிலேயே காலம் கழிப்பவை. விருப்பம் கேட்காமல் வேலை வாங்கப்படுபவை. இவற்றின் இனப்பெருக்கத்தையும் உரிமையாளரே தீர்மானிக்கிறார். அடிமைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும், அடிமைமுறையை ஒழித்த 13ஆவது சாசனத் திருத்தம் இவற்றுக்கும் பொருந்தாதா என்று கேட்டார்கள். பொருந்தாது என்றார் நீதிபதி ஜெஃப்ரி மில்லர். அந்தத் திருத்தம் மனிதர்களுக்கு மட்டுமானது. வாதிகள் மனிதர்கள் அல்லர். ஆகவே வழக்குக்கு இடமில்லை.

அடிமைமுறையின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பவர்களுக்கு அந்த ஒப்பீடு கசந்திருக்கும். அந்தக் கசப்பில் நியாயம் உண்டு. தீர்ப்பும் சட்டத்தின் எழுத்துக்குள் சரியானதுதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 ஏப்ரலில், அதே டிலிக்கத்தைப் பற்றித் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைச் சொன்னது. 2010 பிப்ரவரி 24 அன்று ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ பூங்காவில் பயிற்சியாளர் டான் பிராஞ்சோவை டிலிக்கம் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. பணியாளர்களை அபாயத்துக்கு உள்ளாக்கியதாகச் சீவேர்ல்ட் மீது தொழிலாளர் பாதுகாப்புத் துறை நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது தோற்றது. ஓர்காவோடு நெருங்கி வேலை செய்வது அறியப்பட்ட அபாயம். இனி பயிற்சியாளருக்கும் அதற்கும் நடுவே தடுப்போ போதிய தூரமோ இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் சட்டத்தின் பார்வை எங்கே நிற்கிறது என்பது தெரிகிறது. டிலிக்கம் ஓர் அபாயமாக நீதிமன்றத்துக்குள் நுழையலாம். அபாயத்துக்கு ஆளான உயிராக நுழைய முடியாது. அதற்கு நேர்ந்தது எதுவும் வழக்கல்ல. அதனால் மனிதருக்கு நேர்ந்தது மட்டுமே வழக்கு. ஓர்காக்களைச் சிறைவைப்பது பற்றி இந்த அரை நூற்றாண்டில் நடந்த விவாதத்தின் பெரும்பகுதி இந்தச் சிறிய வாசல் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

டிலிக்கம் பிடிபட்டது 1983 நவம்பரில், ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையோரம். அப்போது வயது ஏறத்தாழ இரண்டு. பசிபிக் கரைப் பூங்காக்களுக்கான ஓர்கா ஏன் அட்லாண்டிக்கில் பிடிபட வேண்டும்? அதற்கும் ஒரு வழக்குதான் காரணம். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும்தான் ஓர்கா வேட்டையின் களம். 1970 ஆகஸ்டில் பென் கோவ் என்ற குடாவுக்குள் வேகப்படகுகளாலும் வெடிகளாலும் ஒரு பெருங்கூட்டத்தையே விரட்டி வலைக்குள் அடைத்தார்கள். விலைபோகும் அளவிலிருந்த இளசுகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். வலையில் சிக்கி மூழ்கிச் செத்தவற்றின் வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, கடலுக்கடியில் அமிழ்த்தினார்கள். சில பிணங்கள் பிறகு கரை ஒதுங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1976இல் பட் இன்லெட் குடாவில் இன்னொரு பிடிப்பு நடந்தது. ஆளுநரின் உதவியாளராக இருந்த ரால்ஃப் மன்ரோ படகில் போகும்போது அதைக் கண்ணால் பார்த்துவிட்டார். மாநில அரசு வழக்குப் போட்டது. இனி வாஷிங்டன் கடலில் ஓர்கா பிடிப்பதில்லை என்று சீவேர்ல்ட் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழில் நிற்கவில்லை, ஐஸ்லாந்துக்கு இடம் மாறியது. அங்கே 1980களின் இறுதியில் முடிவுக்கு வந்தபின் 1997இல் ஜப்பானின் தைஜியில் ஒரு பிடிப்பு. 2012 முதல் ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடல். 2018இல் நகோட்கா அருகே ஒரு விரிகுடாவில் 11 ஓர்காக்களும் ஏறக்குறைய 90 பெலூகாத் திமிங்கிலங்களும் மிதக்கும் கூண்டுகளில் விற்பனைக்காக அடைக்கப்பட்டிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்தபின் அடுத்த ஆண்டில் எஞ்சியவற்றை விடுவித்தார்கள். அதற்கு முன்பே பிடிபட்டவை சீனாவின் புதிய பூங்காக்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு கரையில் மனசாட்சி விழித்தால் இன்னொரு கரைக்குப் படகை ஓட்டிச் செல்லும் வசதி இந்த வணிகத்துக்கு எப்போதும் இருந்திருக்கிறது.

டிலிக்கத்தை முதலில் வாங்கியது பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்டோரியா அருகிலிருந்த சீலேண்ட் என்ற சிறிய காட்சியகம். அங்கே ஏற்கெனவே இரண்டு பெண் ஓர்காக்கள் இருந்தன. இரவானால் மூன்றையும் ஒடுக்கமான, இருண்ட அடைப்பு ஒன்றில் சேர்த்துப் பூட்டுவார்களாம். பெரியவை இரண்டும் பல்லால் கீறிய தழும்புகளோடு டிலிக்கம் காலையில் வெளியே வரும் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். கடலில் அடிபடும் ஓர்காவுக்கு விலகிப்போகக் கடல் இருக்கிறது. தொட்டியில் அடிப்பதும் அடிவாங்குவதும் ஒரே சுவருக்குள்தான். 1991 பிப்ரவரியில் அங்கே பகுதிநேரப் பயிற்சியாளராக இருந்த இளம் மாணவி ஒருவர் கால் வழுக்கிக் குளத்தில் விழுந்தார். மூன்றும் சேர்ந்து அவரை மேலே வரவிடவில்லை. அடுத்த ஆண்டு சீலேண்ட் மூடப்பட்டது. ஒர்லாண்டோவுக்கு டிலிக்கம் வந்தது இப்படித்தான். ஒரு மரணத்தில் பங்கிருந்த விலங்கை ஏன் வாங்கினார்கள் என்ற கேள்விக்குப் பதில் கடினமில்லை. அது வளர்ந்த ஆண். இனப்பெருக்கத்துக்குத் தேவைப்பட்டது.

அதன் வித்திலிருந்து 21 குட்டிகள் பிறந்தன. செயற்கைக் கருத்தரிப்பில் உருவான முதல் ஓர்காக் குட்டி 2001இல் சான் டியேகோவில் பிறந்த நகாய். தாய் கசாட்கா, தந்தை கண்டத்தின் மறுகோடியில் இருந்த டிலிக்கம். பெற்றவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. பின்னாளில் ஒரே வழக்கில் வாதிகளாக மட்டும் அவற்றின் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் அச்சாயின.

1999இல் இரவில் பூங்காவுக்குள் ஒளிந்திருந்து குளத்தில் இறங்கிய ஒருவர் மறுநாள் காலை டிலிக்கத்தின் முதுகின் மேல் பிணமாகக் கிடந்தார். 2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், சீவேர்ல்டுக்குச் சொந்தமான கீட்டோ என்ற ஓர்கா ஒத்திகையில் ஒரு பயிற்சியாளரைக் கொன்றது. இரண்டு மாதம் கழித்து பிராஞ்சோ. ஆக, சிறையிருக்கும் ஓர்காக்களால் மனிதர் இறந்த நிகழ்வுகள் நான்கு. மூன்றில் டிலிக்கம் இருந்தது. உலகக் கடல்களில் திரியும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக நம்பகமான பதிவு ஒன்றுகூட இல்லை. சீல்களைக் கிழிக்கிறது, வெள்ளைச் சுறாவின் ஈரலைத் தின்கிறது, நீலத் திமிங்கிலத்தையே கூட்டமாக வீழ்த்துகிறது. கூடவே நீந்தும் மனிதரை மட்டும் அது இரையாக எண்ணுவதில்லை.

ஆகவே அபாயம் விலங்கின் இயல்பிலா, அதை வைத்திருக்கும் முறையிலா என்ற கேள்விக்கு எண்ணிக்கையே பதில் சொல்லிவிடுகிறது. அங்கேயே நின்றுவிடலாம். ஆனால் பலர் நிற்பதில்லை. 2013இல் வெளிவந்த கேப்ரியேலா கௌபர்த்வெய்ட்டின் 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் கோடிக்கணக்கானவர்களின் மனத்தை மாற்றியது. அதன் பங்கு பெரியது. அதைப் பார்த்தவர்கள் டிலிக்கத்தைப் பழிதீர்த்த கைதியாக, புரட்சிக்காரனாகப் பாடத் தொடங்கினார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கொலைகாரன் என்று முத்திரை குத்துவதும் கலகக்காரன் என்று மாலை போடுவதும் நம் கதையை அதன் வாயில் திணிக்கும் வேலைகள்தான். பிராஞ்சோ இறந்த அன்று அது விளையாடியதா, சினந்ததா, சலித்துப்போய்க் கைக்குக் கிடைத்ததை இழுத்ததா என்பதை அறிய வழியில்லை. அறியத் தேவையும் இல்லை. ஐந்து டன்னுக்கு மேற்பட்ட உடல், செய்ய எதுவுமற்ற நாட்கள், மனிதர் தரும் மீனைத் தவிர வேறு பற்றுக்கோடில்லாத வாழ்வு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் நோக்கம் எதுவாக இருந்தாலும் முடிவு இப்படி ஆகலாம். பிராஞ்சோ அதன்மேல் அன்பு கொண்டிருந்தார் என்று அவரோடு பணிபுரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அன்பு இருந்தும் இது நடந்தது என்பதே இந்த ஏற்பாட்டைப் பற்றிய கடுமையான சாட்சியம்.

2014 தீர்ப்பில் மாறுபட்டு எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிரெட் கவனா. அமெரிக்கக் கால்பந்தில் மோதுகிறார்கள், கார் பந்தயத்தில் சாகும் வேகத்தில் ஓட்டுகிறார்கள். அபாயம் தெரிந்தே ஏற்பவர்களை அரசு எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். வலுவான வாதம். மனிதர் தெரிந்து ஏற்கும் அபாயத்தை நாம் மதிக்கத்தான் செய்கிறோம். ஆனால் அவர் காட்டிய உதாரணங்களில் இறங்குபவர் எல்லோரும் சம்மதித்து இறங்குகிறார்கள். இங்கே ஆட்டத்தில் இருவர்; ஒருவரிடம்தான் சம்மதம் கேட்டார்கள். இதைப் பெரும்பான்மைத் தீர்ப்பும் எடுத்துப் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் அதன்முன் இருந்த சட்டத்தில் இல்லை.

டிலிக்கத்தைப் பொறுத்தவரை பிராஞ்சோவின் மரணத்துக்குப் பிறகான ஏற்பாடுகளின் விளைவு விபரீதமானது. அதுவரை அதன் உடலைக் கையால் தேய்த்துவிட்டவர்கள், அதற்குப்பின் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயால் தேய்த்தார்கள். மனிதரின் பாதுகாப்பு கூடியது. விலங்கின் தனிமையும் அதே அளவு கூடியது. தொழிலாளரைக் காப்பது சரியே. சிறை அப்படியே இருக்க, அபாயத்தை மட்டும் விலக்கினால் மிஞ்சுவது இன்னும் இறுக்கமான சிறைதான்.

அந்தத் தனிமை ஓர்காவுக்கு என்ன பொருள்படும்? வட அமெரிக்காவின் வடமேற்குப் பசிபிக் கரையில் ஐம்பதாண்டு ஆராயப்பட்ட கூட்டங்களைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். அங்கே குடும்பம் என்றால் தாய்வழிதான். மகனும் மகளும் வளர்ந்தபின்னும் தாயை விட்டுப் போவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்த ஒலி வழக்கு உண்டு. குட்டி அதைக் கேட்டுக் கற்கிறது. பெண்கள் கருவுறும் வயது கடந்தபின்னும் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன. சால்மன் மீன் அரிதாகும் ஆண்டுகளில் இரையிருக்கும் திசைக்கு முன்னே நின்று கூட்டத்தை நடத்துபவை அந்த முதிய பெண்களே. முப்பது வயது கடந்த ஆணின் தாய் இறந்தால், அடுத்த ஓராண்டில் அந்த ஆணும் இறக்கும் வாய்ப்பு 14 மடங்கு உயர்கிறது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. 2018இல் தாலெக்வா என்ற தாய், பிறந்து அரைமணியில் இறந்த குட்டியைத் தலையில் ஏந்தி 17 நாட்கள் நீந்தியது. தாயிடமிருந்து மகனைப் பிரிப்பது என்ற சொற்றொடரை இந்த உயிர்களுக்குப் பயன்படுத்தும்போது அதில் உருவகம் எதுவும் இல்லை.

தொட்டி அந்த இடத்தில் என்ன தருகிறது? சிறையிலுள்ள வளர்ந்த ஆண்களின் முதுகுத் துடுப்பு பெரும்பாலும் ஒருபக்கமாகச் சாய்ந்து மடிந்துவிடுகிறது. கடலில் இது அரிது. 29 ஓர்காக்களின் பற்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஒன்றுகூடப் பல் சேதமின்றி இல்லை. கான்கிரீட் விளிம்பையும் இரும்புக் கதவையும் கடித்துக் கடித்துத் தேய்ந்தவை. பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பல்லைத் துளையிட்டிருந்தார்கள். ஐந்து வாதிகளில் ஒன்றான கார்க்கி 1969இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிடிபட்டது. ஏழு முறை கருவுற்றது. அதன் குட்டிகளில் எதுவும் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை.

சிறைவைப்பின் தரப்பில் ஒரு நல்ல வாதம் உண்டு; அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. 1964க்கு முன் இதே பசிபிக் கடற்கரையில் ஓர்காவைக் கண்டால் சுட்டார்கள். மீனவருக்கு அது எதிரி, பிறருக்கு அரக்கன். அந்த ஆண்டு வான்கூவர் மீன்காட்சியகம் ஒரு சிற்பம் செய்வதற்கு மாதிரியாக ஓர்காவைக் கொன்றுவரச் சிற்பி ஒருவரை அனுப்பியது. ஈட்டி தைத்தும் அது சாகவில்லை. நகரத்துக்கு இழுத்துவந்து மோபி டால் என்று பெயரிட்டார்கள். மூன்று மாதம்கூட வாழவில்லை. ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து, அரக்கன் அல்ல என்று அறிந்துகொண்டார்கள். அதே காட்சியகத்தில் ஸ்கானா என்ற ஓர்காவின் பார்வைத் திறனை ஆராய வந்தவர் பால் ஸ்பாங். சரியான விடைகளையே தந்துகொண்டிருந்த ஸ்கானா ஒரு கட்டத்தில் விடாமல் தவறான விடைகளையே தரத் தொடங்கியது. யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. ஸ்கானாவை விடுவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னதால் வேலையை இழந்தார். பிறகு திமிங்கில வேட்டைக்கு எதிராக கிரீன்பீஸை இறக்கியவர்களில் முதன்மையானவர் ஆனார். தொட்டி இல்லாவிட்டால் இந்த அன்பே பிறந்திருக்காது என்று பூங்காக்காரர்கள் சொல்வதில் வரலாறு இருக்கிறது.

ஆனால் அந்த வரலாற்றின் மறுபாதியையும் படிக்க வேண்டும். ஓர்காக்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தபோது, 1970களின் தொடக்கத்தில் கனடிய அறிவியலாளர் மைக்கேல் பிக் அவற்றைக் கணக்கெடுத்தார். சில நூறுதான் தேறின. துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னாலுள்ள வெளிறிய திட்டையும் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்று நிறுவியவரும் அவரே. குடும்ப அமைப்பு, ஒலி வழக்கு, பாட்டிகளின் பங்கு என்று நாம் இன்று அறிந்த முக்கியமானவை படகும் கேமராவும் நீரடி ஒலிவாங்கியும் கொண்டு கடலில் கிடைத்தவை. தொட்டி நமக்குத் தந்தது ஒரே ஒரு பாடம்: இந்த உயிரைத் தொட்டியில் வைக்கக்கூடாது என்பது. கற்ற பாடத்துக்காக மோபி டாலுக்கும் ஸ்கானாவுக்கும் நாம் கடன்பட்டிருக்கலாம். அதே பாடத்தை மீண்டும் கற்க இன்னொரு தலைமுறையைப் பிடிப்பதற்கு அந்தக் கடன் சாக்காகாது.

2016 மார்ச்சில் சீவேர்ல்ட் ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. கலிபோர்னியா அதே ஆண்டு அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. டிலிக்கம் 2017 ஜனவரி 6 அன்று இறந்தது. கனடா 2019இல் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் சிறைவைப்பதைத் தடைசெய்தது. ஏற்கெனவே சிறையிருந்தவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது. அங்கே எஞ்சியிருந்த ஒரே ஓர்கா கிஸ்கா. ஐந்து குட்டிகளையும் இழந்து, 2011 முதல் தன் இனத்தின் துணையே இல்லாமல் நயாகரா அருகே ஒரு தொட்டியில் சுற்றிவந்து 2023 மார்ச்சில் இறந்தது. பென் கோவில் பிடிபட்டு மயாமியில் ஏறத்தாழ 53 ஆண்டுகள் அடைபட்டிருந்த டோக்கிடே என்ற லொலிடாவைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் அதுவும் இறந்தது. அதைத் தம் உறவாகக் கருதிய லும்மி பழங்குடியினர் அதன் சாம்பலைத்தான் சொந்தக் கடலில் சேர்க்க முடிந்தது.

கதவைத் திறந்துவிட்டால் போதும் என்பவர்கள் கெய்க்கோவின் கதையைப் படிக்க வேண்டும். 'ஃப்ரீ வில்லி' படத்தில் நடித்த அந்த ஓர்காவைப் பெரும் பொருட்செலவில் ஐஸ்லாந்துக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அது நார்வேவரை தானே நீந்தியது, அங்கேயும் மனிதரைத் தேடியே வந்தது, 2003இல் இறந்தது. இரண்டு வயதில் பறித்த ஒன்றை இருபது வயதில் திருப்பிக் கொடுக்க முடியாது. தொட்டியிலேயே பிறந்தவற்றுக்குத் திரும்பிப்போகக் கடலும் இல்லை. பிரான்சின் அன்டீப் பூங்கா 2025 ஜனவரியில் மூடப்பட்டபோது, அங்கேயே பிறந்த விக்கி என்ற தாயும் அதன் மகன் கெய்ஜோவும் எங்கே போவது என்ற சச்சரவு நீண்டது. வலையிட்ட விரிகுடாக்களில் கடல்நீரில் வாழவிடும் சரணாலயங்கள் பற்றி நீண்டகாலமாகப் பேச்சு நடக்கிறது. எஞ்சியவற்றுக்குத் தரக்கூடியது அவ்வளவுதான். அதையாவது தர வேண்டியது அவற்றின் உழைப்பில் சம்பாதித்தவர்களின் கடமை.

இந்த விஷயத்தில் இந்தியா அரிதாக முந்திக்கொண்டது. 1990களின் இறுதியில் சென்னை அருகே ஒரு பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து வந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. கொச்சி உள்ளிட்ட இடங்களில் புதிய டால்பின் காட்சியகங்களுக்குத் திட்டம் வந்தபோது, 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவற்றுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. இவ்வினங்களை மனிதரல்லாத நபர்களாகக் கருத வேண்டும் என்று அறிவியலாளர் கூறுவதையும் அந்த ஆவணம் சுட்டியது. சான் டியேகோ நீதிமன்றம் மூடிய கதவை ஓர் அரசாணை ஓரளவு திறந்தது. பெருமைப்படலாம், ஆனால் பாகனை மிதித்துக் கொன்ற பிறகே கோயில் யானையின் சங்கிலியைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஊர் நம்முடையதும்தான்.

பிடிப்பதும் விற்பதும் ஆடவைப்பதும் பார்க்க ஆளிருக்கும்வரை நடக்கும். ஒர்லாண்டோவிலும் சான் டியேகோவிலும் டெனெரிஃபிலும் ஷாங்காயிலும் இன்றும் ஓர்காவைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் என்று தமிழர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். குழந்தைக்குத் திமிங்கிலம் காட்ட ஆசையென்றால் வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுக் கரைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே பாறைமேல் காத்திருந்தால் ஓர்கா வரலாம், வராமலும் போகலாம். வராமல் போகும் உரிமை அதற்கு இருக்கும் இடத்தில் மட்டும் அதைப் பாருங்கள். தொட்டிக்கான சீட்டை வாங்காதீர்கள்.